வினையெச்சம்: மீளா இறப்பும் வழிவழிப் பேறும்

மணிமேகலையின் 25ஆவது காதையில் சாவக நாட்டு மன்னன் புண்ணியராசன் மணிபல்லவத் தீவின் மணலை அகழ்ந்து ஓர் எலும்புக்கூட்டைக் காண்கிறான். அஃது அவனுடையதே. முற்பிறப்பில் ஆபுத்திரனாயிருந்து, அத்தீவிலே தனித்து விடப்பட்டு, உண்ணா நோன்பேற்று உயிர்நீத்தபோது கிடந்த உடலின் எச்சம் அது. தமிழ்க் காப்பியங்களில் பிறப்புத் தொடர்ச்சி பேசப்படும் இடங்கள் பல. கனவாகவும், முனிவர் கூற்றாகவும், தெய்வத்தின் அறிவிப்பாகவும் அவை அமைந்துள்ளன. ஒருவன் தன் பழம்பிறப்பைக் கண்ணெதிரே கிடக்கும் பொருளாகவே எதிர்கொள்ளும் இவ்விடம் அவற்றினின்றும் வேறுபட்டது. காண்பவன் மன்னன், காணப்படுவது என்பு. இரண்டிற்கும் இடையே தொடர்ந்து வந்தது எது, வாராது நின்றுவிட்டது எது என்னும் வினாவைச் சாத்தனார் கற்போர்முன் வைத்துவிடுகிறார்.

இவ்வினா பழையது, ஆயினும் பழமையோடு ஒழிந்துவிடவில்லை. கடந்த 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி விளையாட்டுகளில் ஒரு வகையினர் இதனை வேறு வடிவில் எழுப்பி வருகின்றனர். ஆட்டத்தில் ஒரு பாத்திரம் இறந்தால் அவ்விறப்பு மீளா இறப்பாக இருத்தல் வேண்டுமா, அன்றி இறந்தவன் ஈட்டியது அடுத்து வருபவனுக்குச் செல்லலாமா என்பது அவர்தம் வழக்கு. விளையாட்டைப் பற்றிய பேச்சு தமிழாய்வுக்குப் புறம்பானது எனச் சிலர் கருதக்கூடும். தாயத்தையும் பரமபதத்தையும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுப் பொருளாக ஏற்றுக்கொண்ட பின்னர் இத்தயக்கத்திற்கு இடமில்லை. மேலும், இவ்வழக்கின் உட்பொருள் திருவனந்தபுரம் என்னும் நகரத்திற்கும், அதனோடு நெடுநாள் பிணைந்திருந்த நாஞ்சில் நாட்டிற்கும் மிக அணுக்கமானது. இம்மண்ணில் அது வாழ்வியல் சிக்கலாகவும் நீதிமன்ற வழக்காகவும் நிகழ்ந்துள்ளது.

கல்லறைக் கல்லும் நடுகல்லும்

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த மைக்கேல் டோய், கிளென் விச்மன் ஆகியோர் ‘ரோக்’ என்னும் விளையாட்டை உருவாக்கினர். பின்னர்க் கென் ஆர்னால்ட் அவர்களோடு இணைந்தார். படங்கள் இல்லை, எழுத்துகளே உருவங்கள். ஒரு வீரன் நிலத்தடி மாளிகையில் தளந்தளமாக இறங்கி ஓர் அணிகலனை மீட்டு வருதல் வேண்டும். இரு செய்திகள் இவ்விளையாட்டைப் பிறவற்றினின்றும் பிரித்துக் காட்டின. ஒவ்வோர் ஆட்டத்திலும் மாளிகையின் அமைப்பு புதிதாக அமையும். சென்றமுறை கண்ட வழி இம்முறை இராது. அன்றியும், வீரன் இறந்தால் இறந்ததுதான். இடையில் நிறுத்திவைத்து மீண்டும் தொடரலாம். ஆனால் தொடர்ந்தவுடன் அச்சேமிப்பு அழிந்துவிடும். இறந்த இடத்திற்கு முன்னே சென்று திருத்திக்கொள்ள வழியில்லை. ரோக்கைப் பின்பற்றி எழுந்தவை ‘ரோக் வகை’ எனப் பெயர் பெற்றன. 2008இல் பெர்லினில் கூடிய இவ்வகை விளையாட்டு உருவாக்குநர் இதன் இலக்கணத்தை வரையறுத்தபோது மீளா இறப்பையும் அதன் கூறுகளுள் ஒன்றாக வைத்தனர். பரமபதத்தில் பாம்பின் வாய்ப்பட்ட காய் கீழே இறங்குமேயன்றி அழிவதில்லை என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு விளங்கும்.

ரோக்கில் வீரன் இறந்தவுடன் திரையில் எழுத்துகளாலேயே வரைந்த ஒரு கல்லறைக் கல் தோன்றும். இறந்தவன் பெயர், அவன் ஈட்டிய பொன், அவனைக் கொன்றது எது, ஆண்டு ஆகியவை அதில் இருக்கும். தமிழ் மாணவர் எவருக்கும் இது செங்கம் நடுகற்களை நினைவூட்டாமற் போகாது. மன்னன் ஆட்சியாண்டு, வீரன் பெயர், எந்தப் பூசலில் பட்டான் என்பது, அவ்வளவே. தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளை இதற்கு வகுத்தது. நடுகல்லில் பொறிக்கப்பட்டவன் மீண்டு வருவான் என்னும் குறிப்பு அக்கல்வெட்டுகளின் வாய்பாட்டில் இல்லை. அவன் பட்டான், பெயர் நின்றது.

பெயர் நிற்றல் ஒன்றே போதுமா என்பதைச் சங்கப் புலவர் சிந்தியாதிருக்கவில்லை. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் பாடியதாக உள்ள புறநானூறு 214ஆம் பாடலின் வாதமுறை இங்கு நோக்கத்தக்கது. நல்வினை செய்தார்க்குத் துறக்க இன்பம் கிட்டலாம், பிறவாமை வாய்க்கலாம், இவை இரண்டும் இல்லையென்றே கொண்டாலும், பழிப்பற்ற உடலோடு புகழை நிறுத்தி இறத்தல் சிறப்புடையது என்பது அதன் போக்கு. மறுமை உண்டென்று மெய்ப்பிக்க அவன் முயலவில்லை. மறுமை இல்லை எனினும் அறம் செய்தற்குக் காரணம் எஞ்சி நிற்கிறது என்று காட்டினால் போதும் எனக் கருதினான். மீளா இறப்பை ஏற்பவனுக்கு இதனினும் உறுதியான பற்றுக்கோடு ஒன்றில்லை. ஆயின் இஃது ஓர் அரசன் கூற்று என்பதையும் மறத்தலாகாது. இமயத்தின் உயரத்திற்குப் புகழை நிறுத்தும் வாய்ப்பு அனைவர்க்கும் வாய்ப்பதன்று.

‘எச்சம்’ என்னும் சொல் இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. திருக்குறளில் 238ஆம் குறள் இசையையே எச்சமாகக் கூறுகிறது. 114ஆம் குறளில் அதே சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கள் எனப் பொருள் கொள்கிறார். ஒருவன் விட்டுச் செல்வது பெயரா, மரபா என்னும் ஐயம் இச்சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. இலக்கணத்தாரோ வினையெச்சம் என்று ஒன்றை வைத்தனர். முற்றுப் பெறாத வினை அது. தன்னை முடித்தற்கு வேறொரு வினையை அவாவி நிற்பது. பெயரிட்டவர் மறுபிறப்புக் கோட்பாட்டை எண்ணி இட்டார் எனக் கொள்ளச் சான்றில்லை. எனினும் இப்பெயரைப் போல இச்சிக்கலுக்குப் பொருந்துவது பிறிதொன்று கிட்டுமா என்பது ஐயமே.

என்பும் பாத்திரமும்

1987இல் வெளிவந்த ‘நெட்ஹேக்’ என்னும் விளையாட்டில் மீளா இறப்பின் கண்டிப்புக்கு இடையே ஒரு சிறு திறப்பு வைக்கப்பட்டது. அதன் பெயரே ‘எலும்புகள்’. ஒரு வீரன் இறந்த தளம் சில வேளைகளில் அப்படியே காக்கப்படும். பின்னொரு நாள் வேறொரு வீரன் அத்தளத்தை எதிர்பாராது அடையலாம். அங்கே முன்னவன் சுமந்திருந்த பொருள்கள் சிதறிக் கிடக்கும். அவன் ஆவி உலவும். அவனைக் கொன்ற விலங்கும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பொருள்களை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவற்றுள் மிகுதியானவை சாபம் ஏறியவை. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட இடங்களில் இறந்தவன் முன்பின் அறியாத மற்றொருவனின் வீரனாகவும் இருப்பான். கேட்டுப் பெற்ற சொத்தன்று அது. தடுக்கி விழுந்து கண்டெடுத்தது.

மணிபல்லவக் காட்சியை இதனோடு வைத்து மீண்டும் படித்தல் பயனுடையது. ஆபுத்திரன் விட்டுச் சென்றவை இரண்டு: ஒன்று அவன் உடல், மற்றொன்று அமுதசுரபி. சிந்தாதேவி அளித்த அப்பாத்திரத்தை, உண்பார் இல்லாத தீவில் தான் ஒருவன் மட்டும் உண்டு வாழ்தற்குரிய கருவியாகக் கொள்ள அவன் உடன்படவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, அருளறம் பூண்டார் கையில் சேர்க என வேண்டி, தான் உணவொழிந்து இறந்தான். ஆண்டுக்கு ஒருமுறை வைகாசி விசாகத்தன்று மேலெழும் அப்பாத்திரம் யாரிடம் சேர்ந்தது? மறுபிறப்பில் மன்னனான அவனிடமே வந்து சேர்ந்திருப்பின் கதை எளிதாக முடிந்திருக்கும். சாத்தனார் அவ்வாறு செய்யவில்லை. பாத்திரம் மணிமேகலைக்குச் சென்றது. புண்ணியராசனுக்குக் கிட்டியது என்பு.

இப்பகுப்பு தற்செயலானது எனத் தோன்றவில்லை. பயன்படும் பொருள் பிறர்க்கு, கணக்கு தனக்கு. தீவதிலகை என்னும் காவல் தெய்வம் மன்னனிடம் கூறுவது இதனை மேலும் உறுதிசெய்கிறது. ஆபுத்திரனைத் தீவில் விட்டுச் சென்றதை உணர்ந்து தேடித் திரும்பிய ஒன்பது செட்டிகள், அவன் இறந்தமை கண்டு தாமும் அங்கேயே உயிர்விட்டனர். அவர்களைச் சார்ந்து வந்தோரும் இறந்தனர். அவ்வென்புகளையும் அத்தெய்வம் சுட்டிக்காட்டி, தன் உயிரைக் கொன்றதோடு தனக்கு இரங்கி வந்த பிறர் உயிரையும் கொன்றவன் அன்றோ இன்று கொற்றவனாகி நிற்பது என்று வினவுகிறது. காப்பியம் முழுவதும் அறத்தின் உருவாகவே காட்டப்பட்ட ஒருவனை நோக்கிக் கொலைவன் என்னும் சொல் வீசப்படுகிறது. அவன் இறப்பு தன்னல மறுப்பின் உச்சம் எனக் கற்போர் கருதிக்கொண்டிருந்த பொழுதில், அதற்கும் விலை கொடுத்தவர் சிலர் உளர் என்பது தெரியவருகிறது. அரசு என்னும் பேறு அவனுக்கு வந்துவிட்டது. அப்பேற்றின் அடியில் மணல் மூடிக் கிடந்தவை வேறு. ஆட்டத்தில் மேனிலை எய்தியவன் தான் ஏறிவந்த படிகளைத் திரும்பிப் பார்க்கும்படி ஆக்குதல் என இதனைச் சொல்லலாம்.

இனி இக்காலத்து விளையாட்டுகளின் போக்கு வேறு. 2013இல் வந்த ‘ரோக் லெகசி’யில் வீரன் இறந்தால் அவன் வழித்தோன்றல் மூவருள் ஒருவரைத் தேர்ந்துகொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். தந்தை ஈட்டிய பொன் மகனுக்கு வரும். அதனைக் கொண்டு குடும்ப மாளிகையைப் பெருக்கி ஆற்றல்களை வாங்கலாம். செலவிடாது எஞ்சிய பொன்னை, கோட்டைக்குள் புகும்போது சாரன் என்னும் கிரேக்கத் தொன்மத்து ஓடக்காரன் பெற்றுக்கொள்வான். 2020இல் முழுமையாக வெளிவந்த ‘ஹேடிஸ்’ விளையாட்டின் தலைவனோ கீழுலகத் தெய்வத்தின் மகன். இறக்குந்தோறும் தந்தையின் வீட்டிற்கே மீள்கிறான். முன்னர் நிகழ்ந்த அனைத்தும் அவனுக்கு நினைவிருக்கிறது. முன்னதில் செல்வம் கடந்து வருகிறது. பின்னதில் நினைவும் வருகிறது.

மீளா இறப்பை வற்புறுத்துவோர் இவற்றைக் குறைகூறுவர். இறப்பு இழப்பாக இல்லாமல் முதலீடாகிவிட்டது என்பது அவர் வாதம். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அவர் சுட்டும் காரணம் முதன்மையானதன்று. அச்சம் குறைந்துவிடுகிறது என்பதே அவர்தம் கவலை. அறநோக்கில் கவலைக்குரியது, இறந்தவன் கருவியாகிவிடுவது. பொன்னுக்காகவே கோட்டைக்குள் அனுப்பப்பட்டு, பொன்னோடு இறந்து, மாளிகையின் ஒரு செங்கல்லாகிப் போகும் மூதாதையைப் பற்றி யாரும் வருந்துவதில்லை. அவனுடைய என்பை அகழ்ந்து காட்டும் தீவதிலகை அவ்விளையாட்டில் இல்லை.

கணக்கை வைத்திருப்பவர் யார்

மீளா இறப்பில் ஒன்றுமே கடந்து வருவதில்லை என்பதும் முழு உண்மையன்று. ரோக்கின் பத்தாம் வீரன் முதல் வீரனைவிட நீண்டநாள் வாழ்கிறான். காரணம், ஆடுபவர் கற்றுக்கொண்டார். எந்த மருந்து நஞ்சாகலாம், எந்த விலங்கை எதிர்த்து நில்லாது ஓடவேண்டும் என்பதைப் புதிய வீரன் எவரிடமும் கேட்டறியவில்லை. எனினும் அறிந்தவன்போல் நடக்கிறான். இறந்த ஒன்பதின்மர் அறிவும் அவர் உலகிற்கு வெளியே ஒரு கையில் தங்கியிருந்து பத்தாமவனை இயக்குகிறது. அவனுக்கு அஃது ஊழ் போலவே தோன்றக்கூடும்.

இவ்வமைப்பின் மறுதலையை உதயகுமரன் கதையில் காணலாம். முற்பிறப்பில் இராகுலனாயிருந்தபோது, முனிவர்க்கு உணவு சமைக்க வந்து கால்தளர்ந்து கலங்களைச் சிதைத்த மடையனை அவன் சினந்து வாளால் வெட்டினான். அவ்வினை இப்பிறப்பில் காஞ்சனன் வாளாக வந்து அவனை வெட்டியது. இராகுலன் செய்ததை உதயகுமரன் அறியான், இறக்கும்போதும் அறியவில்லை. கந்திற்பாவை உரைத்த பின்னரே மற்றவர் அறிகின்றனர். கணக்கு அவன் உலகிற்கு வெளியே இருந்தது. அக்கணக்கு அவனை வெட்டிற்றேயன்றி அவனுக்கு ஒன்றையும் கற்பிக்கவில்லை. ஆடுபவர் கையில் தங்கிய அறிவு புதிய வீரனைக் காக்கிறது. வினையின் கணக்கில் தங்கிய பதிவு புதிய உடலைத் தண்டிக்கிறது. நினைவில்லாதவனைத் தண்டித்தல் முறையாகுமா என்பது இங்கே எழும் இயல்பான தடை.

இத்தடை புதிதன்று. செய்தவன் ஒருவன், துய்ப்பவன் வேறொருவன் ஆகிவிடுமே என்று நிலையுயிர் கொள்ளாத பௌத்தரை நோக்கிச் சமணரும் சைவரும் எழுப்பியது இதுவே. நீலகேசியின் பௌத்த மறுப்பில் இதற்கு முதன்மையான இடமுண்டு. பௌத்தர் விடை, ஒன்றையே முழுதாக மற்றொன்றினின்றும் பிரித்துவிடவும் இயலாது, ஒன்றே என்று கூறவும் இயலாது என்னும் சார்புக் கோட்பாடு. மெய்யியல் நோக்கில் இவ்விடையின் வலிமை பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். காப்பிய நோக்கில் கவனிக்கத்தக்கது வேறொன்று. உதயகுமரன் இறப்பு அவன் பழவினையால் நேர்ந்தது என்று கூறிய அதே கந்திற்பாவை, வெட்டிய காஞ்சனனை விடுவித்துவிடவில்லை. அவ்வினை அவனையும் வந்து சாரும் என்கிறது. பழங்கணக்கு முடிந்தது என்னும் பெயரால் இன்று வாளெடுத்தவன் தப்ப இயலாது. வினைக்கோட்பாட்டை ஏழ்மைக்கும் இழிவுக்கும் நியாயமாகக் காட்டிய பிற்கால வழக்கங்களோடு ஒப்பிட்டால் சாத்தனாரின் இந்த ஓர் அடிவைப்பு எவ்வளவு எச்சரிக்கையானது என்பது புலனாகும்.

நினைவு கடந்து வருவதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். மணிமேகலைக்குப் பாதபீடிகையின் முன் பழம்பிறப்பு உணர்வு கிட்டியது. அதன் பயனாக உதயகுமரன் தன் முன்னைக் கணவன் என அறிந்தாள். அவ்வறிவே அவன் இறந்தபோது அவளை அவன் உடல்பக்கம் ஈர்த்தது. கந்திற்பாவை தடுக்க வேண்டியதாயிற்று. ஹேடிஸின் தலைவனுக்கு நினைவு உறவுகளை வளர்க்கும் பேறாக மட்டுமே அமைகிறது. துறவை நோக்கி நடப்பவளுக்கு அது கட்டாகவும் ஆனது.

மருமக்கள் வழி

நூல்களில் நின்று இதனைப் பேசுவது எளிது. இறந்தவன் ஈட்டியது யாருக்கு என்பதை நாள்தோறும் சோற்றுச் சிக்கலாகச் சந்தித்த சமூகம் ஒன்று திருவிதாங்கூரில் இருந்தது. மருமக்கள்தாய முறையில் தறவாட்டுச் சொத்து எவர் ஒருவருக்கும் உரியதன்று. மூத்த ஆண்மகனாகிய காரணவர் அதனை ஆளுவார். அவர் இறந்தால் அடுத்த மூத்தவர் ஆளுவார். ஆள் மாறும், சொத்து மாறாது, பிரியாது. தனியொருவர் இறப்பால் எதுவும் குறைவுபடாத ஏற்பாடு அது. இத்தகைய உறுதியை எந்த விளையாட்டு அமைப்பும் இதுவரை எட்டவில்லை எனலாம்.

தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் இம்முறை நிலவியது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவாங்கூர்-கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்த அப்பகுதியில், ஒருவர் உழைத்துக் காத்த செல்வம் அவர் உடன்பிறந்தாள் மக்களுக்குச் சென்றது. உகந்துடைமை என்னும் பெயரில் சொந்த மக்களுக்குக் கிட்டியது சிறு பங்கே. தேரூரில் 1876இல் பிறந்து, திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலை ஒரு பெண்ணின் புலம்பலாக யாத்தார். அவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. நூல் நகைச்சுவைக்குப் பெயர் பெற்றது. நகைச்சுவையின் அடியில் உள்ளது பசி. கணவன் இருக்கும்வரை வீட்டில் இடம். அவன் கண்மூடினால் அவளும் மக்களும் வெறுங்கையர். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு இம்முறை மாறத் தொடங்கியதில் இந்நூலுக்கும் பங்குண்டு எனப் பொதுவாகக் கூறுவர். நாயர் சமூகத்திற்கு அதற்கு முந்தைய ஆண்டே சட்டம் வந்துவிட்டது. 1976 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த கேரளச் சட்டம் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது.

விளையாட்டு வழக்கில் இருதரப்பினரும் காணாத ஒன்றைக் கவிமணியின் ஐந்தாம் மனைவி காட்டிவிடுகிறாள். வழிவழிப் பேறு வேண்டுமா வேண்டாவா என்றே அவர்கள் வாதிடுகின்றனர். பேறு ஓரிடம் செல்லும்போது செல்லாத இடமும் ஒன்று இருக்கும். மருமகன் தன் மாமனின் இறப்பில் மேனிலை அடைகிறான். மகன் தொடக்கப் படியில் நிற்கிறான். ஒரே இறப்பு ஒருவனுக்குத் தொடர்ச்சி, மற்றொருவனுக்கு மீளா இறப்பு. மக்கள்வழி வந்த பின்னும் இவ்வமைப்பு நீங்கிவிடவில்லை. பேறு பெறுவோரும் பெறாதோரும் இடம் மாறினர். எதையும் கடத்திச் செல்லாத ஆட்டமே நேர்மையானது என்று சில ஆட்டக்காரர் கூறுவதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது: அதில் அனைவரும் வெறுங்கையோடு தொடங்குகின்றனர். ஆனால் மொழியையும் உழவையும் கையளிக்காத தலைமுறை ஒன்று இருந்ததில்லை. வெறுங்கைத் தொடக்கம் விளையாட்டுக்கு மட்டுமே வாய்த்தது.

இறவாத உடைமையாளர்

இச்சிக்கலுக்கு அரச மட்டத்தில் ஒரு விடை 1750 சனவரியில் காணப்பட்டது. மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக அளித்தார். அதன்பின் வந்த அரசர் அனைவரும் பத்மநாபதாசர் என்னும் பெயரிலேயே ஆண்டனர். கார்த்திகைத் திருநாள், சுவாதித் திருநாள், சித்திரைத் திருநாள் எனப் பிறந்த நாள்மீனால் வேறுபட்ட அரசர் வந்து போயினர். நாட்டின் உடைமையாளர் மாறவில்லை, அவர் இறப்பதுமில்லை. அதன் அரசியல் நோக்கங்களை வரலாற்றாசிரியர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவை இங்கு வேண்டா. இறக்கும் ஆளுக்கும் இறவாத உரிமைக்கும் இடையே இத்துணைத் தெளிவான கோடு கிழித்தமையே இங்குக் கருத்திற்கொள்ளத்தக்கது.

அக்கோடு 241 ஆண்டுகளுக்குப் பின் சோதனைக்குள்ளானது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது கோயில் நிர்வாகம் திருவிதாங்கூர் ஆட்சியாளரிடம் விடப்பட்டிருந்தது. 1971இல் இந்திய அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் முன்னாள் அரசர்க்கு இருந்த ஏற்பினை நீக்கியது. 1991 சூலையில் கடைசி அரசரான சித்திரைத் திருநாள் மறைந்தார். ‘ஆட்சியாளர்’ என்னும் நிலை அவரோடு முடிந்ததா, அவர் தம்பிக்குக் கடந்து சென்றதா? 2011 சனவரியில் கேரள உயர்நீதிமன்றம், அது வழிவழி வரும் நிலையன்று எனத் தீர்ப்பளித்து, கோயிலை ஏற்று நடத்த ஓர் அமைப்பை உருவாக்குமாறு மாநில அரசைப் பணித்தது. 2020 சூலை 13 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அரசர் என்னும் நிலை ஒழிந்திருக்கலாம். கோயிற் பணியுரிமை வழக்காற்றின்படி குடும்பத்தில் தொடர்கிறது, 1991இன் இறப்பு அதனை அறுத்துவிடவில்லை என்பது அதன் முடிவு. அதே வேளையில் நிர்வாகம் திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சென்றது.

இரு தீர்ப்புகளின் சட்ட நுட்பங்களை ஆராய்தல் சட்டத்துறையினர் பணி. மெய்யியல் மாணவர்க்கு அவற்றில் ஒரு பயன் உண்டு. ஓர் ஆள் இறக்கும்போது அவனுள் இருந்தவை பல. அவை ஒரே வேளையில் இறப்பதில்லை. பதவி 1971இலோ 1991இலோ முடிகிறது, பணியுரிமை முடிவதில்லை, பொருளோ தொடக்கம் முதலே அவனுடையதாக இருக்கவில்லை. பௌத்தர் ஐந்து கந்தங்கள் எனப் பகுத்ததும் இத்தகைய கூறுபடுத்தலே. ‘எது கடந்து வந்தது’ என்று ஒருமையில் வினவுவதால்தான் விடை கிட்டாமற் போகிறது. எந்தக் கூறு, எவரிடம், எவர் இழக்க என்று பிரித்து வினவினால் மணிபல்லவத்தில் பாத்திரம் ஒருபுறமும் என்பு ஒருபுறமும் கிடந்ததன் நயம் மேலும் விளங்கும்.

என்பைக் கண்ட புண்ணியராசன் அரசு துறக்க எண்ணினான். மணிமேகலை அதற்கு இசையவில்லை. நீ இல்லாது உன் நாடு வருந்தும், சென்று உயிர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே அறம் என்று கூறித் திருப்பி அனுப்பினாள். தான் வஞ்சி நோக்கிச் சென்றாள். பழவினை தெரிந்தபின் பதவியைக் கைவிடுதல் எளிய வழி. அவ்வழி அவனுக்கு மறுக்கப்பட்டது. அவன் கலமேறிச் சாவகம் மீண்டான். ஒன்பது செட்டிகளின் என்பை மட்டுமே தீவதிலகை காட்டியிருந்தாள். அவர்தம் மறுபிறப்பைப் பற்றி அவ்விடத்தில் பேச்சில்லை.